ஆறு வயதுத் தாத்தா

"அழு! ஆபீசர் வர்ற நேரமாச்சு."

"அழுகை என்ன குழாய்த் தண்ணியா, திருகினதும் கொட்டறதுக்கு?" என்றாள் மனைவி.

கல்லறைத் தோட்டப் பாதுகாப்புக் குழுவின் செயலாளரான ஓய்வுபெற்ற தபால்காரர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். நூற்றைம்பது வருடத் தோட்டம். உறவென்று ஒருவரும் வருவதில்லை என்று இன்று நகராட்சி அதிகாரி எழுதிவிட்டால், அடுத்த மாதம் கல்லறைகளை இடித்துவிட்டு இங்கே கார்கள்தான் நிற்கும். வாரிசுகளுக்கு அவர் போட்ட கடிதங்கள் எல்லாம் போன வேகத்தில் திரும்பி வந்திருந்தன. வேறு வழியில்லாமல், சொந்த மனைவியையே வாரிசாக்கி, நிழல் விழும் கல்லாகப் பார்த்து உட்கார வைத்திருந்தார்.

ஒற்றை ஆளாக அவள் உட்கார்ந்திருந்தது எடுபடவில்லை. மச்சானுக்குப் போன் பறந்தது. மச்சான் சும்மா வரவில்லை, கம்பிப் பிரஷோடு வந்து கல்லைப் பரபரவென்று தேய்க்க ஆரம்பித்துவிட்டார்.

"யோவ் மச்சான்! பழைய கல்லுய்யா! ஈரத்துணிக்கு மேல எதுவும் படக்கூடாது!"

தபால்காரர் பிரஷைப் பிடுங்குவதற்குள் பாசி உரிந்து எழுத்து தெரிந்தது. படித்துப் பார்க்க நேரமில்லை. கேட் கிறீச்சிட்டது.

கையில் தடித்த ஃபைலோடு ஒரு பெண்மணி. பின்னால் குடையோடு ஒரு மனிதர்.

"வாங்கம்மா, வாங்க! டிரைவர் சார், நீங்க அப்படி மரத்தடியில நில்லுங்க."

பெண்மணி வரிசைகளை எண்ணிக்கொண்டே வந்து, சரியாக அந்தக் கல்லின் முன் நின்றார். "நீங்க யாரு?"

"இவர் எங்க தாத்தாம்மா." மனைவி கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டாள், சிரிப்பை அடக்க.

"தாத்தாவா? ஆறு வயசுல இறந்ததா போட்டிருக்கே!"

தபால்காரர் அவசரமாகக் குறுக்கே வந்தார். "தாத்தாவோட அண்ணன்னு சொல்ல வந்தா. துக்கத்துல நாக்கு குழறுது."

"எங்களைத் தூக்கி வளர்த்த மனுஷன்!" என்றார் மச்சான், தன் பங்குக்கு.

"ஆறு வயசுலயா?" பெண்மணி ஃபைலைத் திறந்து குடும்ப மரத்தை நீட்டினார். "இது எங்க தாத்தாவோட அண்ணன். பதினோரு வருஷமாத் தேடிக்கிட்டிருக்கேன். எங்க வீட்டுப் பிள்ளைக்கு நீங்க எப்படி உறவு?"

மனைவிக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "இத்தனை வருஷமா இவனுக்கு முள்ளு வெட்டி, சருகு பெருக்கினது நான்! அப்பல்லாம் எங்க போயிருந்தீங்க? இவன் எங்க பிள்ளை!"

கண்ணீர் இப்போது கேட்காமலே கொட்டியது. பெண்மணியும் விடவில்லை. ஆளுக்கொரு பக்கம் கல்லைப் பிடித்துக்கொண்டு அழுதார்கள், அழுதுகொண்டே சண்டை போட்டார்கள்.

தபால்காரர் கையெடுத்துக் கும்பிட்டார். "ஆபீசரம்மா, கோபத்துல ஏதாவது எழுதிடாதீங்க!"

"யாருங்க ஆபீசர்? நான் ஸ்கூல் டீச்சர்!"

மரத்தடி மனிதர் குடையை மடக்கிவிட்டுப் பேனாவை எடுத்தார்.

"ஆபீசர் நான்தாங்க. ஒரு கல்லறைக்கு ரெண்டு குடும்பம் அடிச்சுக்குது, இதைப் போய் நாதியத்த இடம்னு நான் எப்படிங்க எழுதறது?"