சர்ஜ் வந்தா எங்க ஓடணும்?

கிட்ட வந்து உக்காருங்க. இன்னும் கிட்ட. தள்ளி உக்காந்தா ஒரு சொல்லு இன்னொரு சொல்லாக் காதுல விழும். அப்படி விழுந்ததால வந்த கதைதான் இது.

பிரிஞ்சாங் டவுனுக்கு மேல, மலையில பச்சைமுடித் தேயிலைத் தோட்டம். அங்க ரீட்டான்னு ஒருத்தி. மேட்டுல இருக்கிற அந்தோணியார் சர்ச்சுச் சாவி அவ இடுப்புலதான் தொங்கும். பெரிசா நினைச்சுக்காதீங்க. தகரக் கூரை, நாலஞ்சு பெஞ்சு, மழை வந்தா பூசைக்கு நடுவுல ஒரு வாளி. ஆனா ரீட்டா கழுத்துல தாலி ஏறினது அங்கதான். மக வனஸ்ஸாவுக்கும் அங்கதான்னு நாள் குறிச்சாச்சு.

அந்த நேரம் பார்த்துத் தோட்டத்துக்குப் புது மேனேஜர் வந்தாரு, ஹரிதாஸ் துரை. மேட்டைப் பார்த்தாரு, சர்ச்சைப் பார்த்தாரு. "இதை எடுத்துட்டுக் கண்ணாடியில ஒரு காப்பிக்கடை போட்டா டூரிஸ்ட் சர்ஜ் வரும்"னாரு. தேயிலைத் தோட்டத்துல எதுக்குக் காப்பிக்கடைன்னு யாரும் கேக்கல. சர்ஜுன்னா என்னன்னுதான் கேட்டாங்க.

"திடீர்னு கூடுறது எல்லாமே சர்ஜ்தான்" அப்படின்னாரு துரை. கோலாலம்பூர்ல எல்லா ஆபீசுலயும் இப்ப இந்தச் சொல்லுதானாம்.

ஆபீஸ் கணக்கு எழுதுற கிராணி நாகப்பன் பேனாவைத் திறந்தாரு. "தமிழ்ல என்னன்னு எழுதட்டும் துரை? பாலுன்னா பொங்குது, ஓடைன்னா பெருக்கெடுக்குது, வெலைன்னா எகிறுது, காய்ச்சல்னா ஏறுது, கன்னம்னா வீங்குது, கூட்டம்னா மொய்க்குது, கொழுந்துன்னா தளதளன்னு கெளம்புது. இதுல எது?"

"இத்தனையா? அதான் தோட்டம் முன்னேறல. ஒரே சொல்லாப் போடுங்க."

போட்டாச்சு. அறிவிப்புப் பலகையில சர்க்குலர் தொங்குச்சு: 'இதனால் சகலருக்கும் அறிவிப்பது யாதெனில், இத்தோட்டத்தில் எது மிகினும், உயரினும், பெருகினும், வீங்கினும் அது இனி சர்ஜ் என்றே கருதப்படும், அவ்வாறே அழைக்கப்படும், தேவைப்படின் அஞ்சப்படும்.'

மறுநாளே அந்தச் சொல்லு வேலையைக் காட்டிடுச்சு. கொழுந்து எடுக்கிற மலைக்காட்டுலேருந்து குமுதா வாக்கி-டாக்கியில கத்துனா. "ஆபீஸ்! ஆபீஸ்! சர்ஜ்!"

"எதுல சர்ஜ்?"

"எதுலன்னு சொல்லச் சர்க்குலர்ல எடமில்லையே, கிராணி!"

கொழுந்துதான் கெளம்பியிருக்குன்னு நினைச்சு நாகப்பன் லோரியை அனுப்புனாரு. அங்க பல்வலியில வேலம்மாவுக்குக் கன்னம் வீங்கியிருந்துச்சு. லோரிக்காரன் என்ன செய்வான்? வந்தது வந்தாச்சுன்னு வேலம்மாவை மூட்டைகளுக்கு நடுவுல ஏத்தி நேரா ஃபேக்டரிக்குக் கொண்டு போயிட்டான். அடுத்த தடவை நிஜமாவே கொழுந்து பொங்குச்சு. போனது நர்ஸ். பிரஷர் பார்க்கிற டப்பாவைத் தூக்கிக்கிட்டுச் செடிக்குச் செடி நின்னா பாவம்.

துரைக்கு ரொம்பத் திருப்தி. அடுத்து ஒரு சைரன் வாங்கி மாட்டுனாரு. சாவியைத் திருப்பினா அவரோட சொந்தக் குரலே மலையெல்லாம் முழங்கும்: "சர்ஜ்! சர்ஜ்!" அதைக் கேட்டதும் சனமெல்லாம் ஓடையோரத் திடலுக்கு ஓடணும். கோலாலம்பூர்லேருந்து தர்மான்னு ஒரு பெரிய அதிகாரி வந்து ஒத்திகையைப் பார்ப்பாரு. அவரு கையெழுத்துப் போட்டதும் மேட்டுல சர்ச்சை இடிக்கிற வேலை ஆரம்பம்.

ஒத்திகைக்கு முந்தின நாள் சாயங்காலம், தொழிலாளிங்க குடியிருக்கிற லயத்துல ஒரே குழப்பம்.

"ரீட்டா, அந்தச் சைரன் கத்துனா எங்க ஓடணும்?"ன்னு கேட்டாரு முனியாண்டி. நெத்தி நெறைய விபூதி, காது கொஞ்சம் மந்தம்.

ரீட்டா இடுப்புச் சாவியைத் தடவிக்கிட்டா. "அதான் பேரைச் சொல்லியே கூப்புடுதே அண்ணே. சர்ச்சு, சர்ச்சுன்னு."

"அட, ஆமால்ல! நான் என்னமோ இங்கிலீஷுன்னுல்ல நினைச்சேன்."

மறுநாள் சைரன் முழங்குச்சு. வேலம்மா கன்னத்துல துண்டைக் கட்டிக்கிட்டு முன்னால, முனியாண்டி பின்னால, மொத்தத் தோட்டமும் மேடேறிச் சர்ச்சுக்குள்ள போயி பெஞ்சுல உக்காந்துடுச்சு. திடல்ல துரை ஒத்தையா நின்னாரு.

தர்மா மேல ஏறி வந்து பார்த்து அசந்துட்டாரு. "பிரமாதம்! வெள்ளம் வந்தா முழுகுற ஓடையோரத்துக்கு ஓடாம மேட்டுக்குல்ல கொண்டு வந்திருக்கீங்க! இந்தக் கட்டடத்துக்கு என்ன பேரு?"

"சர்ச், சார்"ன்னாரு நாகப்பன்.

"சர்ஜா? பேரே வெச்சுட்டீங்களா? சபாஷ், ஹரிதாஸ்!"

துரை வாயைத் திறந்தாரு. 'என் சொல்லு எவனுக்கும் புரியல'ன்னு சொல்லணும், இல்லாட்டி பாராட்டை வாங்கிக்கணும். வாங்கிக்கிட்டாரு. அந்தக் கட்டடத்துல ஒரு ஆணியும் புடுங்கக் கூடாது, சைரனையும் அங்கேயே மாட்டணும், சாவி பொறுப்பாளர்கிட்டயே இருக்கணும்னு தர்மா உத்தரவு போட்டாரு. பொறுப்பாளர் யாரு? ரீட்டா. சர்ச்சுச் சாவிக்குப் பக்கத்துல சைரன் சாவியும் தொங்க ஆரம்பிச்சுச்சு.

கல்யாணமும் வந்துச்சு. ரீட்டா லீவு கேட்டு ஆபீசுல நின்னா. துரை தலையே நிமிரல.

"கொழுந்து சர்ஜ். யாருக்கும் லீவு இல்ல."

"பொண்ணோட அம்மாவுக்குமா துரை?"

"இதைவிடப் பெரிய சர்ஜ் வந்தாத்தான் லீவு."

"சரிங்க துரை"ன்னு மேடேறிப் போனா. சாவியைத் திருப்பினா. சைரன் முழங்குச்சு. மொத்தத் தோட்டமும் கொழுந்து வெட்டுற கத்தரிக்கோலும் கூடையுமா வந்து உக்காந்துச்சு. கடைசியா மூச்சு வாங்க வந்தாரு துரை. "எங்க? எதுல சர்ஜ்?"

"சொந்தக்காரங்க துரை. திடீர்னு கூடிட்டாங்க. பன்னீர் தெளிச்சுக்குங்க." சட்டைப்பையில ஒரு ரோஜாவையும் குத்திவிட்டா.

சர்க்குலர்படி பார்த்தா குத்தமே இல்ல. அதோட விட்டிருக்கலாம். விடுவாங்களா நம்ம சனம்? "ரீட்டா, மாரியம்மனுக்குக் கூழு ஊத்துறோம், ஒரு தடவை திருப்பேன்லா"ன்னு முனியாண்டி வந்தாரு. பேத்திக்குக் காது குத்துன்னு வேலம்மா. பந்து விளையாட்டுன்னு இளவட்டங்க. பிரியாவிடை விருந்துன்னு கிராணியே வந்து தலையைச் சொறிஞ்சாரு. ரீட்டாவும் யாருக்கும் இல்லேங்கல. சைரன் கத்துனா லீவு, சோறு, பலகாரம். 'யாரு வீட்டு சர்ஜ்?'னு கேட்டுக்கிட்டே பட்டுப் பொடவையை எடுப்பாங்க.

அந்த மழைக்காலத்துல ஒரு நாள் காலையில மலைச்சரிவு ஒடைஞ்சு ஓடை சேறும் தண்ணியுமா லயத்துப் பக்கம் திரும்புச்சு. மேட்டுலேருந்து ரீட்டா பார்த்தா. ஓடிப்போய்ச் சாவியைத் திருப்பினா. "சர்ஜ்! சர்ஜ்!"

கீழ சனம் கெளம்புச்சு. எப்படி? பவுடர் போட்டு, பூ வெச்சு, கையில பரிசுப் பொட்டலம், காலி டப்பா. ஆடி அசைஞ்சு வருது. தண்ணி பின்னாலேயே வருது. குமுதா பட்டுப் பொடவையை மொழங்காலுக்குத் தூக்கிக்கிட்டுக் கூவுனா: "ரீட்டாக்கா! இன்னிக்கு யாரு கல்யாணம்? வழியெல்லாம் இப்படித் தண்ணி தெளிச்சு வெச்சிருக்காங்க?"

சைரன் கேட்டு முன்னாலேயே மேடேறியிருந்த துரை தண்ணியைப் பார்த்துட்டாரு. "சர்ஜ்! நெஜ சர்ஜ்! ஓடியாங்க!"ன்னு தொண்டை கிழியக் கத்துனாரு. கீழேருந்து முனியாண்டி கும்பிட்டாரு. "வந்துக்கிட்டே இருக்கோம் துரை. நீங்க சாப்புடுங்க."

ரீட்டா படியில ஏறி நின்னு, ரெண்டு கையையும் வாயில குவிச்சு, அடிவயித்துலேருந்து கூவுனா: "டேய்! ஓடை பெருக்கெடுத்துடுச்சுடா! ஓடியாங்கடா!"

அவ்வளவுதான். டப்பா ஒரு பக்கம், பொட்டலம் ஒரு பக்கம். முனியாண்டி வேட்டியை விட்டுட்டு ஓடி வந்தாரு. ஆளு ஒண்ணும் கொறையல. பட்டுலதான் சேறு. சர்ச்சுக்குள்ள எல்லாரும் ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பார்க்கக் கூசிக்கிட்டு உக்காந்திருந்தாங்க. துரையும்தான்.

ரீட்டா வெளிய போனா. இடுப்புக் கொத்துலேருந்து சைரன் சாவியைக் கழட்டி, அலையடிச்சுப் போற சேத்துத் தண்ணியில வீசுனா.

"ஐயோ! சாவி எங்கன்னு கோலாலம்பூர்ல கேட்டா நான் என்ன எழுதுறது?"ன்னு பதறுனாரு துரை.

"சர்ஜ் வந்துடுச்சுன்னு எழுதுங்க துரை. அவங்களுக்குப் புரியும்"னு சொல்லிட்டு, ஒழுகுற எடத்துல வாளியை வெச்சா.