புளி போட்டு மினுக்கிய வானம்

செம்பு மங்கிக் கிடந்தால் என் கை சும்மா இருக்காது. இந்த வியாதியால் ஒருமுறை இங்கிலாந்தின் மழைவானம் ஒன்றில் கால்வாசியை அழித்திருக்கிறேன்.

அப்போது டென்மார்க்கின் ஹோர்சன்ஸ் நகரில் கியர்ஸ்டன் என்ற ஓவியரின் அச்சுப் பட்டறையைத் துப்புரவு செய்துவந்தேன். (ஊரில் நான் கணித ஆசிரியர். அதை யார் கேட்டார்கள்?) மனைவியும் மகளும் யாழ்ப்பாணத்தில். குடும்பத்தை அழைக்கும் விண்ணப்பங்கள் அசையாமல் கிடந்த காலம். தபால்காரரைக் கண்டாலே வாசலுக்கு ஓடுவேன்.

"வேலைக் கடிதம் ஒண்டையும் சேர்த்துக் குடும்," என்றார் அறைத்தோழர் செல்வம் அண்ணை.

கியர்ஸ்டன் வெள்ளிக்கிழமை தருவதாகச் சொன்னார். அதற்குள் என் திறமையைக் காட்டிவிட வேண்டாமா?

புதன்கிழமை மேசையில் ஒரு செப்புத் தகடு மங்கிப்போய்க் கிடந்தது. செல்வம் அண்ணைக்குக் கோப்பன்ஹேகனிலிருந்து வந்த பழப்புளியைக் கரைத்து, கம்பி நாரால் தேய்த்தேன். ஒரு மூலை முகம் பார்க்கலாம் போல மின்னியது.

கியர்ஸ்டன் வந்தார். கத்தவில்லை. மெல்ல உட்கார்ந்தார். அது கத்துவதைவிடப் பயங்கரம்.

பிறகு விளக்கினார். மெசோடின்ட் என்றொரு முறையாம். பல் வைத்த கருவியால் தகடு முழுவதையும் சொரசொரப்பாக்கினால் மை பிடித்து எல்லாம் கறுப்பாக அச்சாகும். சுரண்டி வழவழப்பாக்கிய இடம்தான் வெளிச்சம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிரித்தானிய நிலக்காட்சி ஓவியங்களை இப்படித்தான் அச்சாக்கினார்களாம். அப்படியொரு ஓவியத்தின் மேகத்துக்காக அவர் மூன்று கிழமை சொரசொரப்பாக்கியதை, நான் முக்கால் மணியில் வழவழப்பாக்கிவிட்டேன்.

"கடிதம் போச்சு அண்ணை," என்று அன்று மாலை அழுதேன்.

"விடும், வேறை வழி பாப்பம். என்னத்தாலை தேய்ச்சனீர்?"

"உங்கடை புளியாலை."

"என்ரை புளியாலையோ!" அப்போதுதான் மனிதருக்குக் கோபம் வந்தது.

வெள்ளிக்கிழமை கியர்ஸ்டன் அச்செடுத்துக் காட்டினார். கரிய வயல், கரிய மேகம், மூலையில் யாழ்ப்பாணத்து நடுப்பகல்.

"இங்கிலாந்தில் இப்படி வெயில் அடிப்பதில்லை," என்றார். அச்சோடு கடிதத்தையும் நீட்டினார். 'இவர் கேட்டதற்கு மேலாகவே வேலை செய்பவர். நானே சாட்சி.'

விண்ணப்பம் அதன் பிறகும் இழுபட்டது. கடைசியில் மனைவியும் மகளும் வந்து சேர்ந்தார்கள். அந்த அச்சு இப்போது எங்கள் வரவேற்பறையில். வீட்டுக்கு வரும் தோழிகளிடம் மகள் டேனிஷில் சொல்வாள், "இந்த வானத்தை என் அப்பா செய்தார்." அதைக் கேட்கும்போது நெஞ்சு நிமிர்ந்துவிடும்.

நிமிர்ந்த நெஞ்சோடு சட்டி கழுவப் போனால் மனைவி விடமாட்டாள்.

"இஞ்சாருங்கோ, தேய்க்க முதல் அதிலை படம் கிடக்கோ எண்டு பாருங்கோ!"