அத்தை அப்பளம் கடித்த போட்டோ

எங்கள் வீட்டில் எந்தப் பொருளும் இரண்டாக இருந்ததில்லை. திருவொற்றியூரில் கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டிருந்த ஒற்றை அறை வீடு. புதுக் குடம் வந்தால் பழைய குடம் அன்றைக்கே பழைய சாமான் வண்டிக்குப் போய்விடும். புதுப் பாய் வந்தால் பழைய பாய் பக்கத்து வீட்டு நாய்க்கு. “ஒண்ணு கீதுல்ல, இன்னொண்ணு இன்னாத்துக்கு? அது மேல நீ படுத்துப்பியா?” என்பாள் அம்மா. இந்தப் பாடத்தைக் கற்று வளர்ந்த ஒருவனைக் கம்ப்யூட்டர் பக்கம் விட்டிருக்கக் கூடாது. விட்டார்கள்.

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடமும் நானும் பிரிந்தோம். அதன்பின் காசிமேட்டில் ஐஸ் உடைத்தேன், துறைமுகத்தில் கன்டெய்னருக்குச் சங்கிலி கட்டினேன், சூரத்தில் சாயப்பட்டறை, கேரளாவில் டைல்ஸ். எங்கேயும் ஒரு தீபாவளிக்கு மேல் தங்கியது கிடையாது. கால் அப்படி. சூரத்தில் ஒரு விரல் நுனியை இயந்திரத்திடம் கொடுத்துவிட்டு, பதிலுக்கு இந்தி கற்றுக்கொண்டு ஊர் திரும்பினேன். காலடிப்பேட்டையில் ஒரு ஸ்டூடியோவில் வேலை கிடைத்தது. கல்யாண வீடுகளில் விளக்குப் பிடிக்கும் வேலை. பிறகு மெல்ல நகர்ந்து கம்ப்யூட்டர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன்.

ஸ்டூடியோ முதலாளி அண்ணாச்சி திருச்செந்தூர்ப் பக்கத்துக்காரர். எதையும் மூடி வைப்பார். எண்ணூர் அனல்மின் நிலையப் பக்கமிருந்து சாம்பல் வரும், கடல் பக்கமிருந்து உப்பு வரும், இரண்டுக்கும் நடுவில் நம் கடை என்பார். கீபோர்டுக்கு ஒரு கவர், பிரிண்டருக்கு ஒரு கவர், எல்லாப் படங்களையும் சேமிக்கும் கறுப்பு டிஸ்க்குக்கு மட்டும் உள்ளே ஒன்று வெளியே ஒன்று. கேமரா கார்டிலிருந்து படங்கள் கம்ப்யூட்டருக்குப் போகும். தினமும் சாயங்காலம் கம்ப்யூட்டர் தானாகவே அவற்றை டிஸ்க்கில் இன்னொரு படி எடுத்து வைக்கும். அதுதான் பேக்கப். அதன்பிறகு கார்டை அழித்துவிட்டு அடுத்த கல்யாணத்துக்குக் கொண்டுபோவோம். எல்லாப் படமும் இரண்டு இடத்தில். (எங்கம்மா பாத்திருந்தா அண்ணாச்சிய வெளக்குமாத்தால அடிச்சிருக்கும்.)

அந்தச் சமயத்தில்தான் என் தங்கை கீதாவுக்குக் கல்யாணம் நடந்தது. மாப்பிள்ளை முருகன், வள்ளூர் அனல்மின் நிலையத்தில் ஒப்பந்த வெல்டர். அவருடைய அம்மா டோல்கேட் பக்கம் ஆப்பக்கடை வைத்திருந்தார். எனக்கு அத்தை முறை. அத்தையை யாராலும் படம் எடுக்க முடியாது. கேமராவையோ போனையோ தூக்கினால், “கையில மாவு கீது நைனா, அப்பால எடு” என்று முகத்தைத் திருப்பிக்கொள்வார். ஆதார் அட்டைப் படத்தைப் பார்த்து ரேஷன் கடைக்காரர் இது நீங்கள்தானா என்று கேட்டிருக்கிறார். அப்படிப்பட்டவர் மகன் கல்யாணத்தில் அரக்குப் பட்டுப்புடவை கட்டி, மகனுக்கும் மருமகளுக்கும் நடுவில் மேடையில் நிமிர்ந்து நின்றார். அண்ணாச்சியே எடுத்தார். அத்தை கண்ணை மூடவில்லை, முகத்தைத் திருப்பவில்லை. இறங்கி வந்ததும் என் சட்டையைப் பிடித்து இழுத்தார்.

“நைனா, அந்தப் படத்த மட்டும் பெருசா போட்டுக் குடு. கடையில மாட்டணும். ஆப்பம் துன்ன வர்றவனெல்லாம் என்ன கெழவின்றான். பாக்கட்டும்.”

நாளைக்கே தருகிறேன் என்றேன்.

அந்த நாளைக்கு வருவதற்குள் அண்ணாச்சி கோயில் கொடைத் திருவிழாவுக்காக ஊருக்குக் கிளம்பினார். பாஸ்போர்ட் சைஸ் படம் மட்டும் எடு, கம்ப்யூட்டரில் வேறு எதையும் நோண்டாதே என்று சொல்லிவிட்டுத்தான் போனார். மறுநாள் திரையின் மூலையில் ஒரு அறிவிப்பு வந்தது. புது ஓ.எஸ். தயார், இலவசம், ஒரு பொத்தான் அழுத்தினால் போதும். என்னைக் கேட்டு இதுவரை யாரும் எதையும் இலவசமாகக் கொடுத்ததில்லை. அழுத்தினேன்.

நாலைந்து முறை அணைந்து எரிந்து, கம்ப்யூட்டர் புதுப்பெண் மாதிரி வந்து நின்றது. ஐகான்களின் முனையெல்லாம் வழவழப்பாக உருண்டிருந்தன. ஏதோ நானே செய்த மாதிரி, படம் எடுக்க வந்தவர்களுக்கெல்லாம் காட்டினேன். சாயங்காலம் பேக்கப் ஓடவில்லை. ஒரு வட்டம் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. டீ குடித்துவிட்டு வந்து பார்த்தாலும் அதே வட்டம். மறுநாளும் அதே வட்டம். கேபிளைப் பிடுங்கிச் செருகினேன். டிஸ்க்கின் கவர்களைக் கழற்றித் தட்டினேன். ஊதுபத்தியும் காட்டினேன். (சிரிக்காதீங்க, ஒரு நிமிஷம் வட்டம் வேகமா சுத்துச்சி.)

போனில் தேடினேன். இந்தியில் ஒருவர் விளக்கிக்கொண்டிருந்தார். நின்றுபோன பேக்கப்பைச் சரிசெய்ய அவர் சொன்ன முதல் வேலை, எதையும் தொடுவதற்கு முன் எல்லாவற்றையும் பேக்கப் எடுத்துக்கொள்ளுங்கள் என்பது. அது முடிந்தால் நான் ஏன் உன்னிடம் வருகிறேன் என்று சூரத் இந்தியில் திட்டிவிட்டு, அந்தப் பகுதியைத் தாண்டிவிட்டேன். அடுத்து அவர் சொன்னது, டிஸ்க்கில் இடம் இருக்கிறதா என்று பாருங்கள்.

பார்த்தேன். இடம் இருந்தது. ஆனால் அது போதாது என்று எனக்குத் தோன்றியது. எங்கள் வீட்டில் வளர்ந்தவனுக்கு எந்த இடமும் போதாதுதான். டிஸ்க்கைத் திறந்தால், கம்ப்யூட்டரில் இருக்கும் அதே கல்யாணங்கள் அதே பெயரில் வரிசையாக உட்கார்ந்திருந்தன. ஒண்ணு கீதுல்ல, இன்னொண்ணு இன்னாத்துக்கு? எதையாவது எடுத்தால் வழி கிடைக்கும். மற்றவர்கள் கல்யாணத்தில் கை வைக்க எனக்கு உரிமை இல்லை. கஸ்டமர் சொத்து. இதில் மட்டும் நான் ரொம்ப நேர்மையாக இருந்தேன். சொந்தத் தங்கை கல்யாணம்தான் இருப்பதிலேயே பெரியது, அதற்கு யாரைக் கேட்க வேண்டும்? டிஸ்க்கிலிருந்து அதை அழித்தேன். குப்பைத்தொட்டிக்குக்கூட அனுப்பாமல் ஒரேயடியாக அழித்தேன். சுத்தம் முக்கியம்.

பிறகு பேக்கப்பை மறுபடி ஓடவிட்டேன். வட்டம் சுற்றியது. பேக்கப் விவரம் காட்டும் பக்கத்தைத் திறந்து பார்த்தபோது, பச்சை நிறத்தில் ஒரு டிக் குறியும் ‘பேக்கப் வெற்றிகரமாக முடிந்தது’ என்ற வரியும் தெரிந்தன. எனக்கு உயிர் வந்தது. அதற்குக் கீழே சின்ன எழுத்தில் ஒரு தேதி இருந்தது. அது அப்கிரேடுக்கு முந்தின தேதி. பச்சையைப் பார்த்தவன் தேதியைப் பார்க்கவில்லை.

வட்டம் மட்டும் நிற்கவில்லை. இந்திக்காரரின் கடைசி வைத்தியம், கம்ப்யூட்டரைப் பிறந்த குழந்தை மாதிரி ஆக்கிவிடுவது. எல்லாம் போய்விடும், நிச்சயம்தானா என்று கம்ப்யூட்டர் கேட்டது. அதற்காவது அறிவு இருந்தது. அதான் டிஸ்க்கில் இருக்கிறதே, பச்சைக் குறி போட்டிருக்கிறதே என்று தைரியமாக ஆமாம் போட்டேன். டிஸ்க்கில் அழித்தது கம்ப்யூட்டரில் இருக்கிறது என்ற நம்பிக்கையில். கம்ப்யூட்டரில் அழித்தது டிஸ்க்கில் இருக்கிறது என்ற நம்பிக்கையில். இரண்டு கையாலும் ஒரே குழந்தையைக் கிணற்றில் போட்டுவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு டீக்கடைக்குப் போனேன்.

ஊரிலிருந்து வந்த அண்ணாச்சி டிஸ்க்கைச் செருகிப் பார்த்தார். தண்டையார்பேட்டைக் கல்யாணம் இருந்தது. ராயபுரம் காதுகுத்து இருந்தது. யாரோ ஒருவரின் பேரன் பிறந்தநாள்கூட இருந்தது. மேலும் கீழும் தேடினார்.

“ஏலே, ஒன் தங்கச்சி எங்கலே?”

சொன்னேன். அவர் அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, நோய் என்ன என்று மட்டும் சொன்னார். அப்கிரேடு ஆனதும் டிஸ்க்கின் அடையாள எழுத்தைக் கம்ப்யூட்டர் மாற்றிவிட்டிருக்கிறது. பேக்கப் பழைய எழுத்தைத் தேடிப் போய் நின்றிருக்கிறது. நம் ஊரில் வீட்டுக் கதவில் பழைய எண், புதிய எண் என்று இரண்டு போட்டிருப்பார்களே, அதுபோலத்தான். பழைய எண்ணிருந்த கதவைத் தட்டிக்கொண்டே நின்றிருக்கிறது. புதிய எண்ணைச் சொல்லியிருந்தால் போயிருக்கும். ஒரு நிமிட வேலை. நானோ வீட்டையே இடித்திருந்தேன்.

அழிந்ததை மீட்டுத் தரும் ஆள் ரிச்சி தெருவில் இருந்தார். அவரிடம் டிஸ்க்கைக் கொண்டுபோனோம். அவரால் மீட்க முடிந்தது பந்திப் படங்கள் மட்டும்தான். மேடை இல்லை, தாலி இல்லை, மாலை இல்லை. பெண்ணும் மாப்பிள்ளையும் பாதி உடம்போடு வந்தார்கள், மீதி சாம்பல் நிறத்தில் இருந்தது. ஆனால் சாப்பிட்டவர்கள் அத்தனை பேரும் முழுசாக வந்தார்கள். ஊர்க்காரர்களின் போன்களில் தேடினேன். எல்லாவற்றிலும் அவரவர் முகம் பெரிதாக, பின்னால் மேடை எறும்பு அளவுக்கு. அந்த எறும்புகளில் ஒன்று அத்தை.

அத்தை தினமும் கேட்டார். டோல்கேட் வழியாகப் போகும்போதெல்லாம் ஆப்பச் சட்டியிலிருந்து தலையைத் தூக்கி, படம் எங்கே என்பார். கம்ப்யூட்டர் அப்கிரேடு ஆகிக்கொண்டிருக்கிறது என்பேன். “உன் கம்ப்யூட்டரு இன்னா நைனா, மெட்ரோ வேலையா? முடியவே மாட்டேங்குது” என்பார். பிறகு நான் வேறு தெரு வழியாகச் சுற்றிப் போக ஆரம்பித்தேன். கடைசியில் கீதா என் காதைப் பிடிக்காத குறையாகக் கூட்டிப்போய் நிறுத்தினாள். உண்மையைச் சொன்னேன். அத்தை ஆப்பத்தை எடுத்துத் தட்டில் போட்டார். அதில் தேங்காய்ப்பால் ஊற்றினார். அப்புறம்தான் என்னைப் பார்த்தார்.

“போனது போட்டோதான, கல்யாணமா போச்சி? வுடு. அந்தப் பொடவ பொட்டியிலதான் கீது. மறுபடி கட்டிக்கினு வரேன், எடு.”

அண்ணாச்சியும் அதையே சொன்னார். ஸ்டூடியோவிலேயே மேடை மாதிரி திரை கட்டுவோம், மாலை வாங்குவோம், எல்லோரும் கல்யாண உடுப்பில் வாருங்கள். ஞாயிற்றுக்கிழமை என்று முடிவானது. அப்போதுதான் நான் மாப்பிள்ளையைப் பார்த்தேன். கல்யாண வேண்டுதலுக்காகத் திருப்பதி போய் மொட்டை அடித்துவிட்டு, சந்தனம் பூசிய தலையோடு நின்றுகொண்டிருந்தார்.

தாலி கட்டும் படத்தில் மொட்டை மாப்பிள்ளையா? தொழில் தெரிந்தவன் நான் ஒத்துக்கொள்வேனா? அண்ணாச்சி டோப்பா வைக்கலாம் என்றார். வைத்துப் பார்த்தோம். மாப்பிள்ளை தெருக்கூத்துக்குக் கிளம்பிய மாதிரி இருந்தார். கீதா தரையில் உட்கார்ந்து சிரித்தாள்.

“மொட்டையோட எடுத்தா இன்னா? எம்புள்ளதான அவன், தெரியாதா எனக்கு?” என்றார் அத்தை.

“சும்மா இரு அத்தே, ஆல்பம் ஆயுசுக்கும் கீற பொருளு. முடி வளரட்டும்” என்றேன். ஒரு கல்யாணத்தையே அழித்தவன் பேசிய பேச்சு இது.

முடி வளர்ந்தது. நான் வாரந்தோறும் போய்ப் பார்த்தேன். நாற்று நட்டவன்கூட அப்படிப் பார்த்திருக்க மாட்டான். இன்னும் கொஞ்சம், வகிடு எடுக்கிற அளவுக்கு வரட்டும் என்றேன். ஒருவழியாக வகிடு வந்தது. வரும் ஞாயிறு எடுத்துவிடலாம் என்று சொல்லியிருந்தேன். அதற்கு முன் ஒரு காலையில் கடையில் மாவு கரைத்துக்கொண்டிருந்த அத்தை, நெஞ்சு அடைக்கிறது என்று உட்கார்ந்தார். ஆட்டோவில் ஏற்றிப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். திரும்பி ஆம்புலன்ஸில் கொண்டுவந்தார்கள்.

ஒரே மகன். அம்மாவுக்குக் கொள்ளி வைக்க மாப்பிள்ளை மறுபடி மொட்டை அடித்தார். நான் காத்திருந்த அந்த முடி மயான வாசலில் என் கண் முன்னால்தான் விழுந்தது. பக்கத்தில் நின்றவர்கள் நான் அத்தைக்காக அழுகிறேன் என்று நினைத்தார்கள். அதற்காகவும்தான்.

தெருமுனைக்கு அஞ்சலி பேனர் வைக்க வேண்டும். படம் கேட்டார்கள். யாரிடம் கேட்பார்கள், என்னிடம்தான். பந்திப் படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளினேன். ஒன்றில் இருந்தார். அதே அரக்குப் பட்டு. கையில் பாதி அப்பளம், ஒரு கன்னம் உப்பி, யாரோ சொன்ன ஏதோ ஒன்றுக்குச் சிரிக்கப்போகும் முகம். கேமரா எடுப்பது தெரியாததால் முகத்தைத் திருப்பவில்லை. அண்ணாச்சி அப்பளத்தை வெட்டிவிட்டார், கன்னத்தைக் குறைக்கப் பார்த்தார். குறைக்கக் குறைக்க அத்தை வேறு யாரோ ஆகிப்போனார். கீதா எட்டிப் பார்த்துவிட்டு, “அண்ணா, கைய வெய்க்காத. அப்டியே வுடு” என்றாள். அப்பளத்தோடு அப்படியே போட்டோம். துக்கத்துக்கு வந்தவர்கள் பேனரைப் பார்த்துச் சிரித்துவிட்டு, பிறகு அழுதார்கள்.

கடையை இப்போது கீதா நடத்துகிறாள். அதே படம் கல்லாப் பெட்டிக்கு மேல் மாலையோடு தொங்குகிறது. அதில் என்னிடம் ஒன்று, அண்ணாச்சியிடம் ஒன்று, மாப்பிள்ளை போனில் ஒன்று, தெரிந்தவர் தெரியாதவர் என்று கேட்டவர்களுக்கெல்லாம் ஒன்று என்று படி கொடுத்து வைத்திருக்கிறேன். வருஷத் திதிக்குப் படையல் போடும்போது கீதா முதலில் அப்பளத்தைத்தான் வைப்பாள். அவள் மகள் படத்தைக் காட்டி, பாட்டி இன்னும் முழுங்கலயா என்று கேட்பாள். உன் மாமன் சீக்கிரம் வேற படம் எடுத்திருந்தா முழுங்கியிருப்பாங்க என்பாள் கீதா.

மாப்பிள்ளை என்னை ஒரு நாளும் திட்டியதில்லை. ஒன்று மட்டும் செய்வார். முடி வெட்டிக்கொள்ளப் போகும்போதெல்லாம் என் வாசலில் வண்டியை நிறுத்தி, தலையைத் தடவிக்கொண்டே, “மச்சான், நல்லா வளந்துகீது. எடுத்துக்கலாமா?” என்று கேட்பார். பக்கத்தில் இருக்கிறவர்களெல்லாம் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். சிரித்து முடித்ததும் உள்ளே போய் கேமராவை எடுத்து வந்து, அவர் எந்தக் கோலத்தில் இருந்தாலும் அப்படியே ஒன்று எடுத்துவிடுவேன்.