செல்வி பாட்டுக்கும் ஒரு கொக்கி

மயிலாப்பூரில் கடவுளுக்குப் பயப்படாதவர்கள் இருக்கலாம். கொக்கி சாருக்குப் பயப்படாதவர் எங்கள் நாடகக் குழுவில் ஒருவரும் கிடையாது. நிகழ்ச்சித் தாள் தயாரிப்பது அவர் பொறுப்பு. நாடகத்தின் பெயர் தடித்த எழுத்தில், பாட்டின் பெயர் மேற்கோள் குறிக்குள், பாடுபவர் பெயர் அடுத்த வரியில். அந்த மேற்கோள் குறியைத்தான் அவர் கொக்கி என்பார்.

தி.நகரில் ஒரு கல்யாணம். சாம்பார் சாதத்தில் கை வைத்த மனுஷன், கச்சேரிப் பலகையில் பாட்டுக்குக் கொக்கி இல்லாததைப் பார்த்துவிட்டு, இடது கையில் பேனாவோடு எழுந்தே போய்விட்டார். திரும்புவதற்குள் இலையை எடுத்துவிட்டார்கள்.

"பாயசம் போனா போகட்டும்யா," என்றார். முகம் அப்படிச் சொல்லவில்லை.

போன நாடகத்தில், நாயகி புடவை மாற்றும் இடைவெளிக்கு ஒரு பாட்டு தேவைப்பட்டது. எங்களுக்கு உடை தைக்கும் சைதாப்பேட்டை செல்வி, தானே கட்டிய பாட்டைப் பாடுவதாக ஏற்பாடு. மேடை ஏறுவது செல்விக்கு அதுதான் முதல் தடவை. தையல் மெஷின் சத்தத்தையும் மீறி ஒத்திகை நடந்தது.

"அது சும்மா இடைவெளிப் பாட்டு சார். தாள்ல வேணாம்," என்றார் செயலாளர்.

"மேடையில பாடறாங்களா இல்லையா? பாடினா கொக்கி உண்டு!" என்று கொக்கி சார் நேரே செல்வியிடம் போனார். "பாட்டு பேர் என்னம்மா?"

"பேரா? அதெல்லாம் இன்னாத்துக்கு சார்? பேரே இல்லாமதான் கீது."

"அப்போ முதல் அடியைச் சொல்லு. அதான் பேரு."

'தண்ணி வடிஞ்ச தெருவிலே' என்று அச்சாகி வந்தது. அடுத்த வரியில் செல்வியின் பெயர். தாளை மடிக்க மனசில்லாமல் தட்டையாகவே பையில் வைத்துக்கொண்டார் செல்வி.

நாடகத்தன்று எல்லாமே இழுத்துக்கொண்டு போயிற்று. "நாயகி அதே புடவையில வரட்டும், செல்வி பாட்டை வெட்டு!" என்றார் செயலாளர். திரை ஓரத்தில் செல்வி கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அடுத்த காட்சிக்குத் திரை விலகியதும், தாளில் ஒவ்வொரு பாட்டாக டிக் போட்டுக்கொண்டிருந்த முன்வரிசை மாமா எழுந்தார்.

"ஏன் சார், செல்வி பாட்டு எங்கே? கொட்டை எழுத்துல போட்டிருக்கேளே!"

பின்னாலிருந்தும் அதே கேள்வி கிளம்பியது. எல்லோர் கையிலும் தாள் இருந்ததே! செயலாளர் கொக்கி சாரை முறைத்தார். அவரோ வாசலில் கைகட்டி நின்றார்.

"அச்சுல போட்டாச்சு. இனிமே நான் என்ன செய்ய?"

செல்வி பாடினார். முதலில் குரல் நடுங்கியது, பிறகு அரங்கையே நிறைத்தது. கைத்தட்டல் அடங்கிய பிறகுதான் மாமா டிக் போட்டு உட்கார்ந்தார்.

கொக்கி சார் இப்போது இல்லை. தாள் வேலை என் தலையில் விழுந்திருக்கிறது. ஆட்கள் பேருக்குக் கொக்கி போடவே கூடாது என்பது அவர் சட்டம். புது நாடகத்தின் நன்றி வரியில் மட்டும் அதை மீறி, 'கொக்கி சார்' என்று போட்டிருக்கிறேன். திட்டிக்கொண்டே பேனாவோடு வந்துவிட மாட்டாரா என்று ஒரு நப்பாசைதான்.