மாப்பிள்ளை மனசும் பேட்டரி காரும்

பெரியக்காவுக்கு, கடைசித் தம்பி காலைத் தொட்டுக் கும்பிட்டு எழுதுவிப்பது. நான் சுகம். உன் சுகத்தை நேரில் விசாரிக்கத்தான் முந்தாநாள் கிளம்பினேன். இன்னும் வந்து சேரவில்லை. கையெழுத்து ஒரு தையல்காரம்மாவுடையது, பேச்சு மட்டும் என்னுடையது.

மாப்பிள்ளையின் இந்தப் பேட்டரி கார் எங்கள் வீட்டுக்கு வந்தது எந்த வருஷமென்றால், மேம்பாலத்தில் ஏறுகிற பக்கத்தை மட்டும் திறந்துவிட்டு, இறங்க வழியில்லாமல் ஜனமெல்லாம் ரிவர்ஸிலேயே திரும்பி வந்ததே, நடு அண்ணன் பல்செட்டை ஹோட்டல் டம்ளரில் மறந்துவிட்டு வந்தாரே, அதே வருஷம். ஒரு சார்ஜுக்கு நூறு கிலோமீட்டர் ஓடும் என்று மாப்பிள்ளையிடம் விற்றவன் சொன்னானாம். ஓடும். ஆள் ஏறாமல், ஏசி போடாமல், இறக்கத்திலேயே போனால் ஓடும்.

"வெள்ளிக்கிழமை கண்ணு ஆபரேஷன்டா, அதுக்கு முன்னால உன் மூஞ்சிய ஒரு தடவ பாத்துக்கிறேன்" என்று நீ போனில் சொன்னதும் பஸ் பிடிக்கப் பையைத் தூக்கினேன். மாப்பிள்ளை முகம் சுருங்கிவிட்டது. "ஏன் மாமா, என் கார்ல உக்கார மாட்டீங்களா?" மாப்பிள்ளை வாய்விட்டுக் கேட்டபின் மறுக்க முடியுமா? உட்கார்ந்தேன். முதலில் ஏசியை நிறுத்தினார், பிறகு ரேடியோவை. ஹார்ன் அடித்தாலும் கரண்ட் போகுமென்று என்னைத் தலையை வெளியே நீட்டி "ஓரம் போ, ஓரம் போ" என்று கத்தச் சொன்னார். மேடு வந்ததும், "மாமா, கொஞ்சம் இறங்கி நடந்தீங்கன்னா வண்டிக்குச் சுகமா இருக்கும்." நடந்தேன். உச்சியில் நின்று காருக்காகக் காத்திருந்ததும் நான்தான்.

சார்ஜ் போடுமிடம் என்று போன் காட்டியதெல்லாம் ஒன்று பூட்டிக் கிடந்தது, இல்லாவிட்டால் இன்னும் கட்டவே இல்லை. அதனால் கண்ட கடையிலும் வயரை நீட்டிக் கெஞ்சினோம். கரண்ட் கொடுத்தவர் கடையில் சும்மா உட்கார்ந்திருந்தால் நன்றாகவா இருக்கும்? சலூனில் முடி வெட்டிக்கொண்டேன். அடுத்த ஊரிலும் சலூன்தான் கிடைத்தது. வெட்ட முடி இல்லாததால் மீசையைக் கொடுத்தேன். போட்டோக் கடையில் மீசையில்லாத மூஞ்சியைப் போட்டோ எடுத்துக்கொண்டேன். இங்கே கோட்டுக்கு அளவு கொடுத்தாயிற்று. "உங்களுக்கு எதுக்குங்கய்யா கோட்டு?" என்றார் இந்தத் தையல்காரம்மா. "எனக்கில்லம்மா, கார் கேக்குது" என்றேன்.

நாளை வெள்ளி. இன்னும் பாதி வழி கிடக்கிறது. இவரை நடுவழியில் விட்டுவிட்டு வந்தால் மனசு உடைந்துபோவார். மகளுக்கு நான் பதில் சொல்லி மாளாது. ஆகவே அக்கா, என்னால் வர முடியவில்லை, பொறுத்துக்கொள். கட்டு அவிழ்த்தபின் நல்ல கண்ணால் பார்த்துக்கொள்ளலாம், மீசையும் அதற்குள் முளைத்துவிடும். கண் துலங்கி, ஊசியில் நீயே நூல் கோத்து, நூறு வயசு இரு.

உன் தம்பி.

பின்குறிப்பு: இதைக் கண்டக்டர் எழுதுகிறார். "ஆபரேஷனுக்கு முன்னாடி பாக்கணும்னு ஒருத்தி சொன்னா, அவ மனசுல என்ன பயம் இருக்கும்னு தெரியாதா உங்களுக்கு?" என்று அந்தத் தையல்காரம்மா கத்திரிக்கோலும் கையுமாகத் தெருவில் இறங்கி, பஸ்ஸை மறித்து, என்னை ஏற்றிவிட்டார். மாப்பிள்ளை "மாமா, மாமா" என்று பின்னாலேயே ஓடி வந்தார். காரில் துரத்தியிருக்கலாம், பாவம், சார்ஜ் ஏறவில்லை. விடிவதற்குள் உன் வாசலில் நிற்பேன். இந்தக் கடிதத்தையும் நானே கொடுக்கிறேன். அவர் கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும். மாப்பிள்ளைகள் எனக்கு இன்னும் இரண்டு பேர் இருக்கிறார்கள். கூடப்பிறந்தவர்களில் மிச்சம், பெரியக்கா, நீ ஒருத்திதான்.