கம்ப்யூட்டருக்கு நான் சொன்ன நோய்கள்

தேயிலைத் தோட்டத்து டிஸ்பென்சரியில் பொய் சொல்லாத ஆளை நான் பார்த்ததில்லை. இரண்டு நாள் காய்ச்சல் என்றால் மருந்து கொடுக்கிற ஐயா கொழுந்தெடுக்கப் போகச் சொல்லிவிடுவார். எட்டு நாள், கூடவே வாந்தி, தலைசுற்றல் என்றால்தான் மாத்திரையும் லீவும் கிடைக்கும். நானும் அப்படித்தான் பிழைத்தேன். (மற்றபடி நான் வாய் திறக்காதவள். காலைப் பெரட்டில் ஆள் கணக்கெடுக்கப் பேர் கூப்பிட்டால்கூடப் பக்கத்தில் நிற்பவள்தான் எனக்காக 'இருக்கா' என்பாள்.)

என் மகள் புவனாவுக்கு அப்போது பதினைந்து வயது. பசறைப் பக்கத்துப் பள்ளியில் வெறுங்காலோடு ஆயிரத்து ஐந்நூறு மீட்டர் ஓடி, மாகாணப் போட்டிப் பட்டியலில் இடம் பிடித்திருந்தாள். அதில் ஜெயித்தால் கொழும்பில் விடுதியோடு படிப்பு என்றார்கள். அவள் கொழுந்துக் கூடை தூக்காமல் தப்பிக்க எனக்குத் தெரிந்த ஒரே வழி அது.

பண்டாரவளையில் இன்டர்நெட் கடைகள் வந்த புதிது. ஓட்டம் பழக்கிய மாஸ்டர் அதில் ஏதோ மனப் பரிசோதனையைக் கண்டுபிடித்திருந்தார். பதில் தட்டினால் பிள்ளையின் மனபலத்தைக் கம்ப்யூட்டரே சொல்லிவிடுமாம். சொன்னபிறகு என்ன செய்வார்கள் என்று அவர் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. வீட்டு நடப்பு தாய்க்குத்தான் தெரியும் என்று எங்களையும் கூட்டிவரச் சொன்னார். ஆறு பிள்ளைகள், ஆறு தாய்மார், ஒரே அறை.

மாஸ்டர் இங்கிலீசில் இருந்ததைத் தமிழில் உரக்கக் கேட்டார். கேள்வி கேட்கிறவரிடம் கொடுக்க ஏதோ இருக்கும் என்பதுதான் எனக்குத் தெரிந்த உலகம். வெறுங்காலோடு ஓடுகிறவளுக்கு ஒரு சோடி சப்பாத்து கிடைத்தாலும் போதும். புவனா வாய் திறக்குமுன் நான் முந்திக்கொண்டேன்.

"நல்லாத் தூங்குவாளா?"

"தூக்கம் அறவே இல்லைங்க." (காலைப் பிடித்து இழுத்தால்தான் எழும்புவாள்.)

சாப்பாட்டைத் தொடமாட்டாள் என்றேன். மூன்று ரொட்டி தின்றுவிட்டு வந்தவள் என் காலை மிதித்தாள். ஓடுமுன் பயம் வருமா என்றார். கைகால் நடுங்கி விழுந்துவிடுவாள் என்றேன். வாழ்நாளில் நான் அவ்வளவு பேசியதில்லை. பின்னால் நின்ற தாய்மார் வாயைப் பொத்திக்கொண்டிருந்தார்கள்.

யாரையாவது நினைத்துக் கவலைப்படுவாளா என்றபோது கைவசம் பொய் தீர்ந்துபோயிற்று. உண்மையைச் சொல்லிவிட்டேன்.

"செத்துப்போன அப்பா சட்டையைத் தலைக்கு வச்சுத்தான் படுப்பாளுங்க. மோந்து பாத்துக்கிட்டே."

புவனா என் காலை மிதிப்பதை நிறுத்தினாள்.

அடுத்த கிழமை பள்ளி அறிவித்தல் பலகையில் ஆறு பேரின் முடிவும் ஒட்டியிருந்தது. ஐந்து பேருக்குப் பச்சை. புவனாவுக்குச் சிவப்பு, பக்கத்தில் 'போட்டிக்குப் பொருத்தமில்லை'. பட்டியலிலிருந்து பெயர் போனது. பிள்ளைகள் அவளைச் 'சட்டை' என்று கூப்பிட ஆரம்பித்தார்கள்.

ஒரு நாள் சம்பளத்தை விட்டுவிட்டு மாஸ்டரைப் பார்க்கப் போனேன்.

"கம்ப்யூட்டர் பொய் சொல்லாதும்மா."

"அது சொல்லலைங்க. நான்தான் சொன்னேன்."

"நீங்க சொன்னதத்தானே நான் போட்டேன்."

"அவகிட்ட நீங்க ஒரு கேள்விகூடக் கேக்கலையே, மாஸ்டர்."

அவர் எழுந்து போய்ப் பலகையிலிருந்த தாளைக் கிழித்து எடுத்தார். பட்டியல் மாகாணத்துக்குப் போய்விட்டது, இனி மாற்ற முடியாது என்றார். புவனா அந்தச் சட்டையை மடித்துப் பெட்டிக்குள் வைத்தாள். பிறகு ஓடவில்லை. என்னோடு ஒரு மாதம் பேசவும் இல்லை.

கூடை தூக்காமல் எப்படியோ படித்து, இன்று அவளே விளையாட்டு டீச்சர். பிள்ளைகளிடம் மனசைப் பற்றி ஏதும் கேட்பதென்றால் முதலில் கதவைச் சாத்துவாளாம். எதற்குக் கேட்கிறேன் என்று சொல்லி, விருப்பமில்லாவிட்டால் சொல்லவேண்டாம் என்பாளாம். வீட்டில் யார் கொட்டாவி விட்டாலும் பேரப்பிள்ளைகள் என்னைப் பார்த்து, "தூக்கம் அறவே இல்லைங்க" என்று கத்துவார்கள். எல்லாரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன், கொஞ்சம் பிந்தி.

போன மாதம் பதுளை ஆஸ்பத்திரியில் டாக்டர், ராத்திரி தூக்கம் எப்படி என்று என்னைக் கேட்டார். பழக்கத்தில் புவனாவைப் பார்த்தேன். பழிவாங்க அதைவிட நல்ல இடம் அவளுக்குக் கிடைக்காது.

"நீங்க சொல்லுங்கம்மா, நான் வெளிய நிக்கிறேன்" என்று எழுந்து போய்க் கதவைச் சாத்தினாள்.

முதல் தடவையாக ஒரு டாக்டரிடம் உள்ளதை உள்ளபடி சொன்னேன். என்ன சொன்னேன் என்று அவள் இன்னும் கேட்கவில்லை.