சாமான் தாங்கி

இந்த முறை தனியாகத்தான் போவது என்று முடிவெடுத்தேன். எங்கள் வீட்டில் முடிவெடுப்பது எப்போதும் நான்தான். அப்புறம் அதை என்ன செய்வது என்று என் மனைவி பார்த்துக்கொள்வாள்.

மலை, காடு, மண்சாலை, நான், என் மோட்டார் சைக்கிள். பின்னாலிருந்து "மெதுவா, மெதுவா" என்று கிள்ள ஆளில்லாத பயணம். கல்யாணமான நாளிலிருந்து என் இடது தோள் ஏங்கிக் கிடந்த பயணம்.

'நீ வரவேண்டாம்' என்று சொல்லத் தைரியம் இருந்தால் நான் ஏன் இரும்பு வேலையில் இறங்கப்போகிறேன்? பின் சீட்டைக் கழற்றிவிட்டு, அங்கே ஒரு சாமான் தாங்கியைப் பூட்டிவிட்டால் போதும். கூடாரம், அடுப்பு, துணிப்பெட்டி எல்லாம் ஏறிய பிறகு, 'அடடா, உனக்கு இடமில்லையே' என்று நானும் கூடவே வருத்தப்பட்டுவிடலாம்.

உடைந்த கட்டிலின் குழாய்களை அறுத்தேன், வளைத்தேன். முதுகும் கொஞ்சம் வளைந்தது. பற்றவைக்க மட்டும் தெருமுனை வெல்டரிடம் ஓடினேன்.

அவள் சண்டையே போடவில்லை. அப்போதே நான் பயந்திருக்க வேண்டும். இது பாரம் தாங்குமா, நடுக்காட்டில் முறிந்தால் யாரைக் கூப்பிடுவீர்கள் என்று கவலைப்பட்டாள். மணல் மூட்டை வைத்து ஓட்டிப் பார்க்கிறேன் என்றேன். மூட்டை பிரிந்து வாசலெல்லாம் கொட்டினால் யார் கூட்டுவது என்றாள்.

"மூட்டை எதுக்குங்க? அந்த கனத்துக்கு நான் இருக்கேன்ல."

தான் வராமல் இருப்பதற்குத் தானே உதவுகிறாளே என்று எனக்குப் பரிதாபமாகக்கூட இருந்தது.

முதல் சுற்று முடிந்ததும் குழாய் குத்துகிறது என்றாள். தனக்கே இப்படிக் குத்தினால் பெட்டியின் அடி கிழிந்துவிடாதா? நியாயம்தான். பழைய சோபாவின் பஞ்சை வெட்டி மெத்தை வைத்தேன். அடுத்த சுற்றில், திருப்பத்தில் சரிந்தாள். பெட்டியும் சரியும் அல்லவா? பின்னால் ஒரு சாய்மானம் வைத்தேன். அப்புறம் கால் தொங்கியது. பை இப்படித் தொங்கினால் சக்கரத்தில் மாட்டிக்கொள்ளும் என்று பதறினாள். இரண்டு பக்கமும் அடித்தகடு வைத்தேன். கயிறு கட்டுவதற்கென்று ஒரு கைப்பிடியும் வந்தது.

வெல்டர் கண்ணாடியைத் தூக்கிவிட்டு என்னைப் பார்த்தார்.

"என்ன சார், பெட்டி கால் நீட்டி உட்காருமா?"

தொழில் தெரிந்தவர்களுக்கு எப்போதும் பொறாமை என்று நினைத்துக்கொண்டேன்.

கிளம்புகிற காலையில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தேன். அவள் ஹெல்மெட் மாட்டி, மடியில் ஒரு பையோடு தாங்கியில் உட்கார்ந்திருந்தாள்.

"இறங்கும்மா. பெட்டியை ஏத்தணும்."

"பெட்டியை வச்சு ஒரு தடவையாவது ஓட்டிப் பார்த்தீங்களா?"

"இல்ல."

"அப்புறம் எந்த நம்பிக்கையில அதை ஏத்துவீங்க? என்னை வச்சுத்தானே இத்தனை நாளும் சோதிச்சீங்க."

கூடாரம் என்ன ஆவது என்று கேட்டேன். வழி முழுக்க ரூம் சொல்லிவிட்டாளாம். என் துணி? மடியிலிருந்த பையைத் தட்டிக் காட்டினாள். எனக்கென்று அதில் ஒரு சட்டை இருந்தது.

பெட்டியை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டு வண்டியைக் கிளப்பினேன்.

மண்சாலை தொடங்கியதும் "மெதுவா" என்று இடது தோளில் கிள்ளினாள். அவ்வளவு குலுக்கலிலும் தாங்கி இம்மிகூட ஆடவில்லை. வேலை அப்படி.